கைப்பறியும் கலங்கள்

கொழும்பு கபோஸ் லேனின் மருந்துச் சரக்குச் சாக்குகளில் கிடக்கும் வேரும் பட்டையும் இப்போது ஆய்வுகூடக் கலங்களோடு பேசத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கலங்களிடம் கேள்வி கேட்பது யார்?

கொத்தல ஹிம்புட்டுக் கட்டையைக் கடைந்து செய்த குவளையைக் கொழும்பில் பார்க்காதவர் குறைவு. இரவில் அதில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்து, செம்மை இறங்கிய அந்தத் தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பது சீனி வருத்தத்துக்கு இலங்கையில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் கைவைத்தியம். நம் சித்த வைத்தியர்கள் அதைக் கடலழிஞ்சில் என்பார்கள். மரங்களைப் பற்றி ஏறும் கொடி அது. வயது போகப் போகத் தண்டும் வேரும் மரமாகத் தடித்துவிடும்.

1997இல் ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் மசயுக்கி யோஷிக்காவாவின் குழு அந்தக் கொடியிலிருந்து உலகம் அதுவரை காணாத ஒரு சேர்வையைப் பிரித்தெடுத்தது. சலசினோல் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு இன்னொன்று அகப்பட்டது. அதற்குக் கொத்தலனோல் என்று பெயர். மூலக்கூறுக்குச் சிங்களப் பெயர், பிறப்புச் சான்றிதழ் மட்டும் கியோட்டோவில்.

மாச்சத்தின் துண்டுகளைக் குளுக்கோசாக உடைக்கும் அல்பா-குளுக்கோசிடேசு என்ற நொதியம் நமது சிறுகுடலின் உட்சுவரில் இருக்கிறது. இந்தச் சேர்வைகள் அதைத் தடுக்கின்றன. அதனால் சோறு சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சீனி ஒரேயடியாக ஏறாது. பேயர் நிறுவனம் 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்த அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதே வேலைதான். பின்னர் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மரியோ பின்டோவின் குழு சலசினோலையும் அதன் இனத்தாரையும் ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டியது. ஜப்பானிய நிறுவனமொன்று அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றது. ‘உயிரியல் களவு’ என்று இலங்கையில் அப்போது எழுந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை அது மறைத்துவிடுகிறது. கொடி நம்முடையது, குவளை நம்முடையது, ‘சீனிக்கு நல்லது’ என்ற அறிவும் நம்முடையதுதான். கியோட்டோக்காரர்கள் கையில் இருந்தது ஒரு குறிப்பான கேள்வி: இந்தச் சாறு அந்த நொதியத்தைத் தடுக்கிறதா, இல்லையா? சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிடமும் அதே கேள்வியைக் கேட்டு, ‘ஆம்’ சொன்ன பகுதியை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு மூலக்கூறு.

இன்று அந்தக் கேள்வியை உயிருள்ள கலத்துக்குள்ளேயே பொருத்திவிட முடியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கைத்தால்தான் மருந்து

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஐந்தாம் குறுக்குத் தெருவிலிருந்து பிரியும் கபோஸ் லேனில் மருந்துச் சரக்குக் கடைகள் நிரை கட்டி நிற்கின்றன. கருஞ்சீரகம், நன்னாரி, கடுக்காய், மரமஞ்சள் என்று வாய் திறந்த சாக்குகள். பெருமளவு சரக்கு இந்தியாவிலிருந்து இறக்குமதியாவது. சரக்கு நல்லதா பழசா என்பதைக் கடைக்காரர்கள் இன்றும் பார்ப்பது கண்ணாலும் மூக்காலும், சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக் கடித்தும்தான். சித்த மருத்துவம் சரக்குகளை வகை பிரிப்பதும் அறுசுவையை வைத்துத்தான். வெள்ளவத்தை மாடி வீடுகளில் காய்ச்சலில் கிடக்கும் பேரனிடம் அம்மம்மா சொல்வதும் வேறல்ல: ‘மூக்கைப் பிடிச்சுக்கொண்டு குடி, கைச்சால்தான் மருந்து.’

நாக்கு என்பதே கலங்களால் ஆன உணர்கருவிதான். ஒரு பொருள் நாக்கின் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கி எனப்படும் புரதத்தில் வந்து ஒட்டுகிறது, கலத்துக்குள் கல்சியம் உயர்கிறது, மூளைக்குச் செய்தி போகிறது. அந்த வாங்கியை நாக்கிலிருந்து எடுத்து, சுவை என்பதே தெரியாத வேறொரு கலத்துக்குள் வைத்தால் என்ன ஆகும்?

1997இல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் குழு செய்தது ஏறத்தாழ இதைத்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது கைப்பை அல்ல, உறைப்பை. மிளகாயிலுள்ள கப்சைசின் பட்டால் நரம்பு எரிகிறது, ஆனால் எந்தப் புரதத்தின் வழியாக என்று யாருக்கும் தெரியாது. வலி உணரும் நரம்புக் கலங்களில் இயங்கும் மரபணுக்களை எல்லாம் திரட்டி, அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கப்சைசினைக் கண்டுகொள்ளாத சிறுநீரகக் கலங்களுக்குள் செலுத்தினார்கள். கல்சியம் ஏறினால் ஒளி மாறும் சாயம் ஒன்றையும் ஏற்றி, மேலே கப்சைசினை விட்டார்கள். ஒரு கூட்டத்தில் சில கலங்கள் ஒளி காட்டின. அந்தக் கூட்டத்தை மேலும் மேலும் பிரித்து, ஒற்றை மரபணுவில் வந்து நின்றார்கள். அதுதான் டிஆர்பிவி-1. ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டுக்கும் அதே புரதம்தான் திறக்கிறது. உறைப்பான கறி வாயைச் சுடுவது அதனால்தான். 2021இல் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் பயன்படுத்திய சிறுநீரகக் கலத்துக்கு ஹெக்-293 என்று பெயர். 1973இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபிராங்க் கிரஹாம் செய்த 293ஆவது பரிசோதனையில் உருவான கலவரிசை என்பதால் அந்த எண். எதைச் செலுத்தினாலும் ஏற்றுக்கொண்டு, சொன்ன புரதத்தைச் செய்துதரும் சாது. உலகின் மருந்தாய்வுகூடங்கள் பலவற்றில் இன்று வேலை பார்ப்பது அதன் சந்ததிதான்.

கைப்பின் முறை பிறகு வந்தது. மனிதருக்குக் கைப்பை அறியும் வாங்கிகள் ஏறத்தாழ 25 வகை. ஜேர்மனியின் பொட்ஸ்டாம் அருகே வொல்ஃப்காங் மையர்ஹோஃபின் குழு அந்த 25ஐயும் ஒவ்வொன்றாக ஹெக் கலங்களுக்குள் வைத்து, 104 கைப்புப் பொருட்களை அவற்றின் மீது விட்டுப் பார்த்தது. 2010இல் முடிவுகள் வெளியாயின. சில வாங்கிகள் கண்ட கண்ட கைப்புக்கெல்லாம் பதில் சொல்லின, சில மிகக் குறிப்பானவை. அதற்கு முந்தைய ஆண்டு அதே ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டிருந்தார்கள். நிலவேம்பின் கைப்புக்குக் காரணமான அண்ட்ரோகிராஃபோலைட்டுக்கு 50ஆம் எண் வாங்கி பதில் சொல்கிறது. காய்ச்சல் காலத்தில் முகம் சுளித்துக் குடிக்கிறோமே, அந்தக் கைப்புக்கு இப்போது ஒரு முகவரி இருக்கிறது.

இதில் மருந்து எங்கே வருகிறது? இந்த வாங்கிகள் நாக்கில் மட்டும் இல்லை. குடலில் இருக்கின்றன, மூச்சுக்குழாயில் இருக்கின்றன. 2010இல் அமெரிக்காவில் தீபக் தேஷ்பாண்டே, ஸ்டீஃபன் லிகெட் ஆகியோரின் குழு மூச்சுக்குழாயின் தசைக் கலங்களில் கைப்பு வாங்கிகளைக் கண்டது. கல்சியம் ஏறினால் தசை சுருங்கும், மூச்சு இறுகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். நடந்தது நேர்மாறு: தசை தளர்ந்தது. எலிகளில் மூச்சுக்குழாய் விரிந்தது. முட்டுக்காரருக்கு நம் வைத்தியர் ஏன் கைக்கும் கஷாயத்தைக் கொடுத்தார் என்பதற்கு இது விடை என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல இன்னும் நிறையப் படிகள் இருக்கின்றன. ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி என்று ஆகிவிட்டது.

கொழும்பு, உப்சாலா, சிட்னி

இந்தக் கதையில் கொழும்புக்கு இடமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நம்மவர்கள் நேரத்தோடேயே தொடங்கினார்கள்.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிர்இரசாயனப் பிரிவில் எரிக் கருணாநாயக்கவும் வெலிஹிந்தவும் 1980களில் நமது மூலிகைகளை வரிசையாக எடுத்து, இரத்தச் சீனியைக் குறைக்கின்றனவா என்று பார்த்தார்கள். அதில் முதலிடம் பாவற்காய்க்கு. 1982இல் வெலிஹிந்த சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்களோடு சேர்ந்து, எலியின் சதையியிலிருந்து எடுத்த இன்சுலின் சுரக்கும் கலங்களின் மேல் பாவற்காய்ச் சாற்றை விட்டார். கலங்கள் இன்சுலினைச் சுரந்தன. 1986இல் கொழும்பு நோயாளிகளிடமே சோதித்தபோது, பாவற்காய்ச் சாறு குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்குச் சீனியைத் தாங்கும் திறன் கூடியதாக எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் உயிருள்ள கலத்திடம் நம் கறிக்காயைப் பற்றிக் கேள்வி கேட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று.

பிறகு அந்த நூல் வேறு கைகளுக்குப் போனது. 2008இல் சீனாவின் ஷாங்காய் ஆய்வாளர்களும் அவுஸ்திரேலியாவின் சிட்னியிலுள்ள கார்வன் நிறுவனத்தாரும் பாவற்காயின் கைப்புச் சேர்வைகள் சிலவற்றைப் பிரித்தெடுத்துத் தசைக் கலங்களிலும் கொழுப்புக் கலங்களிலும் இட்டார்கள். அவர்கள் கேட்டது நுட்பமான கேள்வி. குளுக்கோசை உள்ளே இழுக்கும் குளுட்-4 என்ற புரதம் சாதாரண வேளையில் கலத்தின் உட்புறத்தில் பதுங்கியிருக்கும். இன்சுலின் வந்து அழைத்தால்தான் மேற்பரப்புக்கு ஏறும். பாவற்காய்ச் சேர்வை அதை மேலே கொண்டுவருகிறதா? கொண்டுவந்தது. அதுவும் இன்சுலின் நடக்கும் பாதையால் அல்ல, கலத்தின் சக்தி குறைந்தால் விழித்துக்கொள்ளும் ஏஎம்பிகே என்ற இன்னொரு பாதையால். குளுட்-4இல் ஒரு அடையாளக் குறியை மரபணு வழியாகப் பொருத்திவைத்தால், அது மேலே ஏறியதா உள்ளே கிடக்கிறதா என்பதைக் கலமே காட்டிக்கொடுத்துவிடும். இப்படித் தான் உணர்ந்ததைக் காட்டும்படி பொறியியல் செய்யப்பட்ட கலமே உணர்கலம். அதன் நேர்த்தியான வடிவம் இது.

கலத்துக்கு வேலை கொடுக்க இன்னும் எளிய வழியும் உண்டு. மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் லூசிஃபெரேசு என்ற நொதியத்தின் மரபணுவை எடுத்து, நாம் கவனிக்க விரும்பும் மரபணுவின் ஆளியோடு தைத்துவிடுவது. அழற்சியின் ஆளி போடப்பட்டால் கலம் ஒளிரும். மூலிகைச் சாறு அந்த ஒளியை அணைத்தால், அழற்சியைத் தணிக்கும் ஏதோ ஒன்று சாற்றில் இருக்கக்கூடும். கோழிமுட்டை அடுக்கும் தட்டைச் சுருக்கியது போன்ற 96 குழித் தட்டொன்றில் ஒரே நாளில் பல சாறுகளைப் பார்த்துவிடலாம்.

இங்கே நடந்த இரண்டாவது முக்கியமான முயற்சி ஒரு கஷாயத்தைப் பற்றியது. கருஞ்சீரகம், நன்னாரி, சிங்களத்தில் சீன அல எனப்படும் கிழங்கு ஆகிய மூன்றும் சேர்ந்த கஷாயம் அது. இலங்கையில் பாரம்பரிய வைத்தியக் குடும்பமொன்று புற்றுநோய்க்குக் கொடுத்துவந்தது. இலங்கை ஆய்வாளர் ஐரா தப்ரூ அதை எடுத்துக்கொண்டு இலண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஈரல் புற்றுநோயிலிருந்து வளர்த்த ஹெப்-ஜி2 கலங்களில் சோதித்தார். 2005இல் வெளியான முடிவு: கஷாயம் அந்தக் கலங்களைக் கொல்கிறது. அதன் பின்னர் தர்ஸ்டன் வீதியில், இப்போதைய குமாரதுங்க முனிதாச மாவத்தையில், உள்ள கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கை மூலிகைகளைப் புற்றுநோய்க் கலங்களில் சோதிக்கும் வேலை தொடர்ந்தது. கருணாநாயக்க தொடக்கிவைத்த நிறுவனம் அது.

தட்டிலுள்ள புற்றுநோய்க் கலத்தைக் கொல்வது பெரிய காரியமில்லை. கழிப்பறைக்கு ஊற்றும் ப்ளீச்சும் கொல்லும். எப்படிக் கொல்கிறது, பக்கத்திலுள்ள நல்ல கலத்தை விட்டுவைக்கிறதா, மூன்றில் எது கொல்கிறது, மூன்றும் சேர்வதால் ஏதும் கூடுகிறதா என்பவையே கேள்விகள். பொறியியல் செய்யப்பட்ட உணர்கலம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

பாவற்காய் கொழும்பில் இருந்தது, இன்சுலின் கலம் உப்சாலாவில். கஷாயம் இங்கே, ஈரல் கலத்தின் பங்காளி இலண்டனில். கடலழிஞ்சில் இங்கே, நொதியம் கியோட்டோவில். ஒத்துழைப்பு தவறில்லை, விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும். ஆனால் கேள்வியைக் கட்டும் மேசை எப்போதும் அந்தப் பக்கத்திலேயே இருந்தால், எந்த நோய்க்கு எந்தச் சரக்கை முதலில் பார்ப்பது என்பதையும் அந்தப் பக்கமே முடிவுசெய்யும்.

நமக்கோ அவசரம். 2005-06 காலத்தில் இலங்கையின் வளர்ந்தோரில் நீரிழிவுக்காரர் 10.3 சதவீதம் என்று பிரசாத் கட்டுலந்தவின் ஆய்வு சொன்னது. 2018-19இல் நடந்த நாடளாவிய ஆய்வில் அது ஏறத்தாழ 23 சதவீதம். கடலழிஞ்சில் பற்றி இலங்கை மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சரக்குச் சேர்ந்த தேயிலையை 51 நோயாளிகளுக்கு மூன்று மாதம், வெறும் தேயிலையை மூன்று மாதம் என மாற்றி மாற்றிக் கொடுத்து, எது எதுவென்று நோயாளிகளும் ஆய்வாளர்களும் அறியாதபடி நடத்திய சோதனையின் முடிவு 2005இல் வந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு மூலிகைத் தேயிலையின் முடிவில் 6.29, மற்றதன் முடிவில் 6.65. சிறிய வித்தியாசம், ஆனால் தற்செயலல்ல. குடிப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லவேண்டும். மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் சீனி தாழ்ந்துபோகவும் கூடும்.

பட்டிப்பூவிடம் கேட்ட பிழையான கேள்வி

நம் வீட்டு வாசல்களிலும் கோயில் வீதிகளிலும் பூக்கும் பட்டிப்பூ, நித்தியகல்யாணி, உலக மருந்தியலின் விசித்திரமான கதைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரி. 1952இல் கனடாவில் டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே அந்தச் செடியின் 25 இலைகள். அங்கே அதைத் தேநீர்போலக் காய்ச்சிச் சீனி வருத்தத்துக்குக் குடிக்கிறார்கள் என்று குறிப்பு. அவர் அதைத் தம் சகோதரர் ரொபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சீனி அசையவில்லை. சாற்றை ஊசியாக ஏற்றியபோதோ எலிகளின் வெள்ளைக் குருதிக் கலங்கள் சரிந்தன. சீனியைத் தேடிப் போனவர்கள் இரத்தப் புற்றுநோய் மருந்தில் வந்து முட்டினார்கள். 1958இல் சார்ள்ஸ் பீரோடு சேர்ந்து வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதன் சகோதரியான வின்கிரிஸ்டின் இன்றும் உலகெங்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறது.

முழு எலியிடம் கேட்டதால்தான் அந்த மருந்து கண்ணில் பட்டது. கேட்காத கேள்விக்கும் எலியின் உடல் பதில் சொல்லும். குளுட்-4 மட்டும் அறிந்த உணர்கலத்திடம் பட்டிப்பூவைக் கொடுத்திருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி, பையைக் கட்டியிருப்பார்கள். வேகமும் துல்லியமும் வேண்டுமென்றால் இந்தக் குருட்டுத்தனத்தையும் சேர்த்தே வாங்கவேண்டும். வழி ஒன்றுதான்: ஒரே சாற்றைப் பல கேள்விகள் பொருத்திய பல கலங்களுக்குக் கொடுப்பது.

மரமஞ்சள் இதற்கு உள்ளூர் உதாரணம். சிங்களத்தில் வெனிவேல் எனப்படும் அதைக் கொத்தமல்லியோடு சேர்த்து அவித்துத் தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் குடிக்கிறோம். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின். 2004இல் சீன ஆய்வாளர்கள், இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை வாங்கும் வாங்கியை ஈரல் கலங்களில் பெருக்கும் பொருளை மூலிகைகளில் தேடினார்கள். அகப்பட்டது பெர்பெரின். 32 நோயாளிகளுக்கு மூன்று மாதம் கொடுத்தபோது கெட்ட கொழுப்பு 25 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய செடி வேறு, மஞ்சள் பொருள் ஒன்றுதான். நாம் காய்ச்சலைக் கேட்டுக்கொண்டிருந்த சரக்கிடம் அவர்கள் கொழுப்பைக் கேட்டார்கள்.

கலமும் பொய் சொல்லும்

மின்மினி ஒளியை வைத்துச் செய்த சோதனைகளில் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரோல் லூசிஃபெரேசு நொதியத்தையே நேரடியாகத் தடுக்கும். ஒளி அணையும், ‘அழற்சி தணிந்தது’ என்று ஆய்வாளர் துள்ளுவார். அணைந்தது விளக்குத்தான், நெருப்பல்ல. மஞ்சளின் குர்க்குமின் அதைவிட மோசம். அது தானே ஒளிரும், கண்ட புரதத்திலெல்லாம் ஒட்டும், நீரில் சிதைந்தும் போகும். ஏறத்தாழ எல்லாக் கலச் சோதனைகளிலும் அது வெற்றிபெறும். 2017இல் கேத்ரின் நெல்சனும் அவருடைய சகாக்களும் அந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, மனிதரிடம் நடந்த ஒழுங்கான சோதனை ஒன்றுகூட வெற்றிபெறவில்லை என்று எழுதினார்கள். கறிக்கு மஞ்சள் போடவேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கலத்தில் ஒளிர்ந்ததெல்லாம் மருந்தாகாது, அவ்வளவுதான்.

நோயெதிர்ப்பை அளக்கும் கலங்களுக்கு இன்னொரு பலவீனம். ஈரம் பட்டுப் புழுங்கிய சரக்கில் பற்றீரியா இருக்கும். அது செத்தாலும் அதன் உறைத் துணுக்குகள் கஷாயத்தில் கிடக்கும். கலம் அதைக் கண்டு பாய்ந்து எழும். ‘நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மூலிகை’ என்று விளம்பரமாகும் சிலவற்றில் கூட்டியது மூலிகையா, அதிலிருந்த அழுக்கா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் விட, கலம் உடலல்ல. மிளகாய் வாங்கியை அடைத்தால் வலி போகும் என்று நம்பிப் பல நிறுவனங்கள் மருந்து செய்தன. கலத்தில் அருமையாக வேலை செய்தது. மனிதருக்குக் கொடுத்தபோது சிலருக்கு உடல் வெப்பம் 40 பாகைக்கு ஏறியது, ஏனென்றால் அந்த வாங்கி உடற்சூட்டைச் சமப்படுத்தும் வேலையிலும் பங்கெடுக்கிறது. ஈசுரமூலியின் இனத்துச் செடிகளிலுள்ள அரிஸ்டொலோக்கிக் அமிலத்தின் கதை இதற்கு மறுபுறம். உடலின் நொதியங்கள் அதை மாற்றிய பிறகுதான் அது மரபுப்பொருளைத் தாக்குகிறது. அந்த நொதியம் இல்லாத கலத்தைக் கேட்டால் ‘ஆபத்தில்லை’ என்றே சொல்லும். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸில் உடல் மெலிய மூலிகை மாத்திரை தின்ற நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதானது அந்த அமிலத்தால்.

கேள்வியே கேட்காமல் விழுங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று பரவ, ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா தொற்றியது.

செடியே தேவையில்லாத நாள்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜெரோம் ஃபொக்ஸின் குழு செய்த வேலை இந்தத் துறையை வேறு திசைக்கு இழுத்திருக்கிறது. இன்சுலினின் செய்தியை அணைக்கும் பிடிபி-1பி என்ற மனித நொதியத்தை அவர்கள் ஈ.கோலி பற்றீரியாவுக்குள் வைத்தார்கள். நீரிழிவுக்கு மருந்து தேடுவோர் நீண்டகாலமாகக் குறிவைக்கும் நொதியம் அது. அதை யாராவது தடுத்தால் மட்டும் பற்றீரியாவுக்குள் நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும் மரபணு விழிக்கும்படி கம்பிகளை மாற்றிக் கட்டினார்கள். பிறகு செடிகளின் மணச் சேர்வைகளைச் செய்யும் மரபணுக்களை அதே பற்றீரியாவுக்குள் ஏற்றி, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் விட்டார்கள். தடுப்புப் பொருளைத் தானே செய்துகொண்ட பற்றீரியா பிழைத்தது, மற்றவை செத்தன. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் உருவாகும் வழியில் வரும் ஒரு சேர்வையும் பிழைக்கவைத்தவற்றில் ஒன்று. உணர்வதும் உற்பத்தி செய்வதும் ஒரே உயிர்.

இதன் அர்த்தம் நமக்குச் சிறியதல்ல. கொத்தல ஹிம்புட்டைச் சட்டவிரோதமாக ஏற்றப் பார்ப்பவர்களைச் சுங்கத்தார் கட்டுநாயக்காவில் பிடிக்கலாம். மரபணுத் தொடர் மின்னஞ்சலில் போனால் யார் பிடிப்பது? 1992இல் உருவான உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை வேரையும் விதையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய நாடுகள் இந்த ஓட்டையைப் பற்றித்தான் வாதாடின. இயற்கையின் மரபணுத் தரவைப் பயன்படுத்தி இலாபம் காணும் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 1 சதவீதத்தையோ வருமானத்தில் 0.1 சதவீதத்தையோ ஒரு நிதிக்குக் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. ‘வேண்டும்’ என்பதில் கட்டாயம் இல்லை. காலி நிதியம் 2025 பெப்ரவரியில் திறக்கப்பட்டது.

அந்த நிதியிலிருந்து வரும் பங்குக்குக் காத்திருப்பதைவிடக் கேள்வியை நாமே கட்டுவது நல்லது என்பது என் கட்சி. அதற்கு வானளாவிய செலவு இல்லை, ஆனால் விடாப்பிடியான ஒழுங்கு வேண்டும். கலங்கள் 37 பாகையில், காபனீரொட்சைட்டு அளந்து விடப்படும் காப்பகத்தில் வாழ்பவை. மிச்சம் திரவ நைதரசனில் உறங்குபவை. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு அறிவித்த நாட்டில் அது எப்படிப்பட்ட கவலை என்று சொல்லத் தேவையில்லை. கலத்துக்கு ஊட்டும் கன்றின் சீரம் டொலரில் வாங்கவேண்டியது. இவை பணத்தால் தீரும். பணத்தால் தீராதது இன்னொன்று. சரக்கை அறிந்த சித்த வைத்தியர் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் படிப்பிக்கிறார், ஆயுர்வேதக்காரர் நாவின்ன பண்டாரநாயக்க ஆய்வு நிலையத்தில் இருக்கிறார், கலத்தை அறிந்தவர் குமாரதுங்க முனிதாச மாவத்தையில் இருக்கிறார். மூவரும் ஒரே மேசையில் உட்காருவது அபூர்வம். கபோஸ் லேனில் வாங்கிய பொட்டலம் எந்தத் தாவரம் என்பதைப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தின் மாதிரியோடு ஒப்பிட்டு உறுதிசெய்யாமல் செய்யும் எந்தச் சோதனைக்கும் பெறுமதி இல்லை. அந்த நாலாவது ஆளும் மேசைக்கு வேண்டும்.

எங்கே தொடங்கலாம்? கருஞ்சீரகம், நன்னாரி, சீன அலக் கிழங்கு என்ற அந்தப் பழைய கஷாயத்திலிருந்தே தொடங்கலாம். மூன்று சரக்கும் தனித்தனியே மூன்று சாறு. இரண்டிரண்டாகச் சேர்த்தால் இன்னும் மூன்று. மூன்றும் சேர்ந்த கஷாயம் ஒன்று. ஆக ஏழு. ஒவ்வொன்றையும் நான்கு அளவுகளில், ஒவ்வொரு அளவையும் மும்முறை இட்டால் 84 குழிகள். தட்டில் மிஞ்சும் 12 குழிகளில் பாதி மருந்தே விடாத கலங்களுக்கு, பாதி ஏற்கெனவே தெரிந்த மருந்துக்கு. 96ம் நிரம்பிவிடும். மூன்று சரக்கைச் சேர்த்த வைத்தியக் குடும்பத்தின் கணக்குச் சரியா என்பதை அந்த ஒரு தட்டிடம் முதலில் கேட்கலாம்.